டஸ்ட் என்றால் போடுவதா, எடுப்பதா?

நான் வேலை பார்க்கிற தேயிலைத் தோட்டத்தில் ஒரே காலைப் பொழுதில் 'டஸ்ட்' என்ற சொல்லை மூன்று இடத்தில் கேட்கலாம். பாக்டரியில் டஸ்ட் என்றால் சலித்து எடுத்த பொடித் தேயிலை. ஊரில் நீங்கள் டீக்கடையில் குடிப்பது பெரும்பாலும் அதுதான். முகம் சுளிக்க வேண்டாம், மலை மேல் இருக்கிற நாங்களும் அதைத்தான் குடிக்கிறோம். தேயிலைக் காட்டுச் சரிவில் தோட்டத்து மேனேஜரான துரை வந்து நின்று "டஸ்ட் பண்ணு" என்றால் சிலந்திப் பூச்சி விழுந்த செடி மேல் கந்தகப் பொடியைத் தூவ வேண்டும். அதே துரை பங்களாவுக்குப் போய், நாற்காலியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அதே குரலில் "டஸ்ட் பண்ணு" என்றால் இருக்கிற பொடியைத் துடைத்து எடுக்க வேண்டும். செடிக்குப் போட வேண்டும், நாற்காலிக்கு எடுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் வேலை போய்விடும். சங்கரன்கோவிலில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் பண்ணி, இங்கிலீஷ் தெரியும் என்கிற தைரியத்தில் மூணாறு பஸ் ஏறியவன் நான். வந்த முதல் மாதமே அந்தத் தைரியம் மலை இறங்கிப் போய்விட்டது.

இங்கிலீஷ்காரனுக்குச் சொற்பஞ்சம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரே சொல்லை வைத்து நேர் எதிரான இரண்டு காரியங்களைச் சொல்லிச் சமாளிக்கிறான். ஒரு மழை நாளில் பெரிய துரை சேறும் சகதியுமாக ஆபீசுக்குள் வந்து, ஜீப் ஃபாஸ்ட்டாக இருக்கிறது என்றார். வண்டி நன்றாக ஓடுகிறது என்று நினைத்து "வெரி குட் சார்" என்றேன். வண்டி வாய்க்காலில் அசையாமல் சிக்கிக்கொண்டிருந்தது. ஃபாஸ்ட் என்றால் வேகமாகப் போவது. ஃபாஸ்ட் என்றால் இம்மியும் நகராமல் நிற்பது. பாக்டரிச் சங்கு 'ஆஃப்' ஆகிவிட்டது என்றால் ஊதிவிட்டது என்று ஒருவரும் ஊதி ஓய்ந்துவிட்டது என்று இன்னொருவரும் சொல்வார்கள். 'லெஃப்ட்' என்றால் போய்விட்டது. ஆனால் 'லெஃப்ட்' ஆனது எவ்வளவு என்று கேட்டால் போகாமல் மிச்சம் இருப்பதைச் சொல்ல வேண்டும். ஆபீஸ் அலமாரியில் அட்டை கிழிந்த டிக்ஷ்னரி ஒன்று உண்டு. துரை ஒரு வாக்கியம் சொன்னால் "எஸ் சார்" என்று சொல்லிவிட்டு, அவர் தலை மறைந்ததும் அதைப் புரட்டி, எனக்கு நல்லது சொன்னாரா கெட்டது சொன்னாரா என்று தெரிந்துகொள்வது என் வழக்கமாகிவிட்டது.

சங்கரன்கோவிலுக்கும் மூணாறுக்கும் நடுவில் கடலா இருக்கிறது, இதைப் போய்ப் பரதேசம் மாதிரி எழுதுகிறானே என்று நீங்கள் சிரிக்கலாம். போடிமெட்டில் பஸ்ஸை நிறுத்திப் பையைத் தடவுகிற போலீஸ்காரர் மலையாளத்தில் பேச ஆரம்பிக்கும்போது உங்கள் சிரிப்பு நின்றுவிடும். ஊரில் இப்போது வாய்க்காலுக்குத் தண்ணீர் வரவில்லை என்று சண்டை நடந்துகொண்டிருக்கும். இங்கே வேட்டி காயவில்லை என்பதுதான் ஆவணி வரைக்கும் எங்கள் சண்டை. காட்டில் கொழுந்து பறிக்கிறவர்கள் தமிழ். பஞ்சாயத்து ஆபீசும் தபாலாபீசும் மலையாளம். பங்களா இங்கிலீஷ். மூன்றுக்கும் நடுவில் ஒரு டைப்ரைட்டரை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். மலையாளத்தில் பெருக்குவதற்கு 'அடிச்சு வாருக' என்று பெயர். தபாலாபீஸ்காரர் வேலைக்காரியிடம் "முற்றம் அடிச்சோ?" என்று கேட்டதை முதன்முதலில் கேட்டபோது, முற்றம் அவருக்கு என்ன பாவம் செய்தது என்று பரிதாபப்பட்டேன்.

அப்போது நான் தற்காலிக டைப்பிஸ்ட். கல்யாணமாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. என் மனைவி கோமதி சங்கரன்கோவிலில் என் அம்மாவோடு இருந்தாள். வேலை நிரந்தரமானால்தான் தோட்டத்தில் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். அதுவரைக்கும் கல்யாணம் ஆகாத பையன்களோடு தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்து வீடு ஒன்றில், ஆளுக்கொரு பாய் விரிக்கிற இடத்தில் காலம் தள்ள வேண்டியதுதான். பொங்கலுக்குப் போனபோது கோமதி என் பெட்டியை மூடித் தந்துகொண்டே, "மலைக்கு மேல வீடு கெடைக்கலன்னா சொல்லிருங்க. நீங்க மலையோட குடும்பம் நடத்துங்க, நான் எங்க அய்யா வீட்டுக்குப் போயிருதேன்" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அவள் விளையாட்டாகச் சொன்ன எதையும் செய்யாமல் விட்டதில்லை. 

பெரிய துரை வெள்ளைக்காரர். கோபக்காரர், ஆனால் கோபம் ஆபீஸ் வாசலைத் தாண்டாது. என்னை நிரந்தரமாக்கும்படி அவர் மேலே எழுதிவிட்டார். ஆனால் அதற்குள் அவரே ஓய்வு பெற்றுச் சீமைக்குக் கிளம்பும்படி ஆகிவிட்டது. மேலேயிருந்து காகிதம் திரும்பி வந்ததும் எனக்கு வேலையை 'சாங்ஷன்' பண்ண வேண்டியவர் அடுத்து வரப்போகிற வர்கீஸ் துரை. வழக்கம்போல் டிக்ஷ்னரியைப் பார்த்தேன். சாங்ஷன் என்றால் அனுமதி என்று போட்டிருந்தது. அதற்குக் கீழேயே சாங்ஷன் என்றால் தண்டனை என்றும் போட்டிருந்தது. நான் டிக்ஷ்னரியை மூடி வைத்துவிட்டேன். சில விஷயங்கள் தெரியாமல் இருப்பதே மேல் என்று தோன்றியது.

பெரிய துரை கிளம்பிய காலையில் தோட்டமே பங்களா முற்றத்தில் நின்றது. காலையில் மஸ்டர் என்று பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற தோட்டக் கண்டக்டர்கூட எங்களை விரட்டவில்லை. துரைக்குத் தோட்டத் தமிழ் தெரியும். ஏகவசனம், பன்மை எல்லாம் கலந்து அடிப்பார். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, "எல்லாரும் நல்லா இரு. நான் போறான்" என்றார். முத்துப்பேச்சி பதறிப் போனாள். பங்களாவையும் ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் வாசல்களையும் பெருக்குகிறவள் அவள்தான். சிறு வயதிலேயே கழுகுமலைப் பக்கமிருந்து மலைக்கு வந்தவள், துரைக்கு மூத்தவளாகவும் இருக்கலாம். "போறேன்னு சொல்லாதீக தொரை, வாரேன்னு சொல்லிட்டுப் போங்க" என்று காரை மறித்தாள். போகிறவன் எதற்காக வருகிறேன் என்று சொல்ல வேண்டும் என்று கேட்பதுபோல் துரை என்னைப் பார்த்தார். இங்கிலீஷைக் கேலி பண்ணிக்கொண்டிருந்த நான் கார்க் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தேன். அவர் சிரித்துக்கொண்டே "சரி, வாரேன்" என்றார். பிறகு என் கையைக் குலுக்கி, புது துரை மதியம் வந்துவிடுவார், அதுவரைக்கும் பங்களாவின் 'ஓவர்சைட்' உன்னுடையது, சுத்தமாக வைத்திரு என்று சொல்லிவிட்டுப் போனார். ஓவர்சைட் என்றால் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வது. கண்ணில் படாமல் கோட்டை விடுவதற்கும் அதே பெயர்தான். இரண்டையும் நான் ஒரே நாளில் செய்து முடித்தேன்.

நடந்தது இதுதான். மூட்டை முடிச்சுக் கட்டிய வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வைக்கோல், பழைய பேப்பர், சணல் துண்டு, துரையின் நாய் உதிர்த்துவிட்டுப் போன மயிர், ஹாலெங்கும் பூட்ஸ் மண். கார் வளைவு திரும்பியதும் முத்துப்பேச்சியிடம், "சட்டுனு ஒரு பெருக்குப் பெருக்கிருங்க" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க தெக்கத்தி ஆளுதான ஆபீசய்யா? ஆளு மலை எறங்கல, அதுக்குள்ள வெளக்குமாத்த எடுக்கச் சொல்லுதீகளே. எழவு விழுந்த வீடா இது?"

ஊரில் உங்களுக்கு இதைச் சொல்லி விளங்கவைக்க வேண்டியதில்லை. வழியனுப்பிய கையோடு வீட்டைப் பெருக்கக் கூடாது. பாடை போன பிறகுதான் அப்படிப் பெருக்குவது. உயிரோடு போனவர் பின்னால் பெருக்கினால் அவரைத் தள்ளிவிட்டது மாதிரி, திரும்ப வரமாட்டார். அப்படியானால் எவ்வளவு நேரம் கழித்துப் பெருக்கலாம் என்று கேட்டேன். போனவர் போய்ச் சேர்ந்த சேதி வர வேண்டும் என்றாள் முத்துப்பேச்சி. துரை போய்ச் சேர வேண்டிய ஊர் லண்டனுக்கும் அந்தப் பக்கம். அங்கே இருந்து தபால் வருவதற்குள் இந்த வைக்கோலில் மாடு கட்டலாம் என்றேன். "அப்படின்னா கொச்சிக்காவது போயிச் சேரட்டும்" என்று கொஞ்சம் இறங்கி வந்தாள். அதற்கு மேல் இறங்கவில்லை. சமையல்காரரிடம் சொன்னேன், அவர் அடுப்பு வேலை இருப்பதாகச் சொல்லி உள்ளே போனார். தோட்டக்காரர் தனக்கு முதுகு பிடித்துக்கொண்டதாகச் சொன்னார். அதுவரைக்கும் நன்றாகத்தான் குனிந்துகொண்டிருந்தார்.

சரி, நானே பெருக்குகிறேன் என்று விளக்குமாற்றை எடுத்தேன். படித்தவன் என்ற திமிர்தான். ஆனால் குனிந்ததும் எங்கள் வீட்டு விவகாரம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. என் அப்பா நான் சின்னவனாக இருந்தபோது கொழும்புக்குப் போனார், வரவில்லை. அவர் புறப்பட்ட அன்றைக்கு அவருடைய தங்கை, என் அத்தை, தன் கல்யாணத்துக்கு நாள் குறித்த வீடு ஆயிற்றே என்று உடனே கூடத்தைப் பெருக்கிவிட்டாளாம். அன்று முதல் அம்மாவும் அத்தையும் பேசிக்கொள்வதில்லை. அப்பா கொழும்பில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார் என்பது ஊருக்கே தெரியும், அம்மாவுக்கும் தெரியும். இருந்தாலும் எங்கள் வீட்டில் குற்றவாளி விளக்குமாறுதான். நான் ஊரிலிருந்து ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும், என் கடிதம் போய்ச் சேருகிற வரைக்கும் அம்மா வாசலில் விளக்குமாறு படவிட மாட்டாள். கோமதி ஒரு தடவை மறந்துபோய்க் கையில் எடுத்ததற்கு வாங்கிய பேச்சைக் கேட்டால் அந்த வீட்டை விட்டு அவள் ஏன் கிளம்பத் துடித்தாள் என்பது புரியும். நான் விளக்குமாற்றை மூலையில் சாத்திவிட்டு, ஜன்னல் கதவுகளை மட்டும் திறந்துவைத்தேன்.

மதியம் வர்கீஸ் துரை வந்து சேர்ந்தார். கோட்டயம் பக்கத்து ஆள், என்னைவிட நாலைந்து வயதுதான் பெரியவராக இருப்பார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, டை. குடும்பத்தைப் பிறகு அழைத்துக்கொள்ளலாம் என்று தனியாகத்தான் வந்திருந்தார். இந்தத் தோட்டத்துக்கு வெள்ளைத்தோல் இல்லாத முதல் துரை அவர். அந்த எண்ணம் எங்களைவிட அவருக்குத்தான் அதிகமாக இருந்தது என்பதை அவர் ஹாலுக்குள் கால் வைத்ததுமே தெரிந்துகொண்டேன். ஷூவில் சணல் சுற்றிக்கொண்டது. நாய் மயிர் பறந்து டையில் ஒட்டியது.

"எந்தா இது? ஆரும் அடிச்சு வாரியில்லே?" என்று என்னைப் பார்த்தார். பிறகு குரல் தாழ்ந்தது. "இது சமரமாணோ?"

சமரம் என்றால் வேலைநிறுத்தம். அந்த நாட்களில் எந்தத் தோட்டத்தில் எந்த யூனியன் எப்போது கொடி பிடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வெள்ளைக்காரன் இருக்கிற வரைக்கும் தரையை மெழுகி வைத்தவர்கள், நம்மவன் வருகிறான் என்றதும் குப்பைக்குள் வரவேற்கிறார்கள் என்று அவர் நினைத்தார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷை எல்லாம் திரட்டி, இது அவமரியாதை இல்லை சார், மரியாதை என்றேன். யாருக்கு மரியாதை என்றார். போன துரைக்கு என்றேன். வாயை அங்கேயே மூடியிருக்க வேண்டும். பெருக்கினால் போனவர் திரும்ப வரமாட்டார் என்று ஒரு நம்பிக்கை சார், அதனால்தான் பெருக்கவில்லை என்று வேறு விளக்கிவிட்டேன்.

"ஸோ யூ ஆல் வான்ட் ஹிம் பேக்" என்றார் வர்கீஸ் துரை.

அதற்கு எந்தப் பக்கம் தலையாட்டினாலும் ஆபத்து.  இந்த ஓவர்சைட்டுக்கு யார் பொறுப்பு என்று கேட்டார். நான்தான் சார் என்றேன். பெருக்குகிற பெண் நாளை முதல் வேலைக்கு வர வேண்டாம், உன் விஷயத்தை உன் காகிதம் மேஜைக்கு வரும்போது பார்த்துக்கொள்கிறேன் என்றார். முத்துப்பேச்சி வாசல் தூணோரம் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் விரல் தன் பக்கம் நீண்டதற்கு அர்த்தம் தெரியாதா. அவள் அழவில்லை, விளக்குமாற்றையும் எடுக்கவில்லை. எனக்குத்தான் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கோமதி பெட்டியோடு அவள் அய்யா வீட்டுப் படியேறுவது நன்றாகத் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. மூணாறு மழையை நான் வர்ணிக்கப் போவதில்லை. அது பெய்தால் எதிரே இருக்கிற மலை இல்லாமல் போய்விடும். விளக்கு வைக்கிற நேரத்துக்கு முற்றத்தில் ஹார்ன் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால் பெரிய துரை, தொப்பியிலிருந்து தண்ணீர் ஒழுக, பின்னால் நாய். டவுனில் கிளப்பில் மற்ற துரைமார்கள் விருந்து கொடுத்து அவரை மதியம் தாண்டியும் விடவில்லையாம். பிறகு புறப்பட்டு மலை இறங்கும்போது அவர் கண் முன்னாலேயே ரோட்டின் மேல் மண் சரிந்து விழுந்திருக்கிறது. கார் இன்னும் கொஞ்சம் முந்திப் போயிருந்தால் ஆளும் காரும் அடியில்.

தூணோரத்திலிருந்து முத்துப்பேச்சி முன்னால் வந்தாள். யாரையும் திட்டவில்லை. மேலே பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். "வாரேன்னு சொல்லிட்டுப் போனாக, வந்துட்டாக. வெளக்குமாத்தத் தொட்டிருந்தா இந்த மனுசன் மண்ணோட மண்ணாப் போயிருப்பாக" என்றாள். அதற்குள் லயங்களுக்குச் செய்தி போய், சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பாதித் தோட்டம் வந்துவிட்டது. அத்தனை பேரும் தரையில் கிடந்த குப்பையைக் கோயிலில் கிடக்கிற பூவைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். வர்கீஸ் துரையும் பார்த்தார். அவர் முகத்தில் முதல் தடவையாக ஒரு சந்தேகம் தெரிந்தது.

அன்று ராத்திரி அவர் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு இன்றும் பாவமாக இருக்கிறது. ஒரு பங்களா, இரண்டு துரை. பெரிய துரை பழக்கத்தில் மேஜைத் தலைமாட்டில் தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். பழக்கத்தில் மணி அடித்து சூப் கொண்டுவரச் சொன்னார். பழக்கத்திலேயே, "நீ விருந்தினர் அறையில் படுத்துக்கொள், யங் மேன்" என்றும் சொன்னார். தேயிலைச் செடியை எப்படிக் கவாத்து வெட்ட வேண்டும், எந்தக் கண்டக்டரை நம்பக் கூடாது, எந்த ஜன்னலைத் திறந்தால் சளி பிடிக்கும் என்றெல்லாம் பாடம் நடத்தினார். நாய் புது துரையின் ஷூவில் தலைவைத்துத் தூங்கியது. சமையல்காரர் இரண்டு பேரில் யாருக்கு முதலில் பரிமாறுவது என்று தெரியாமல், கோழியை நடுவில் வைத்துவிட்டு ஓடிவிட்டார். மழை விட்டால் மறையூர் வழியாக உடுமலைப்பேட்டை இறங்கிப் போகிறேன், அந்த ரோடும் சரியில்லை என்றால் இங்கேயே வந்துவிடுகிறேன், ஒன்றும் அவசரமில்லை என்றார் பெரிய துரை. வர்கீஸ் துரை சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

மறுநாள் காலையில் வெயில் அடித்தது. பெரிய துரை இரண்டாம் தடவையாகப் புறப்பட்டார். இந்தத் தடவை யாரும் சொல்லிக் கொடுக்காமலே "வாரேன்" என்றார். கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. கார் மறையூர் பக்கம் திரும்பியதும் எல்லோரும் காட்டுக்குப் போய்விட்டார்கள். வேலை இல்லை என்று ஆகிவிட்ட முத்துப்பேச்சியும் லயத்துக்குப் போய்விட்டாள். நான் ஆபீஸ் வரைக்கும் போனவன், பங்களாச் சாவிக்கொத்து என் பையிலேயே இருப்பதைப் பார்த்துத் திரும்பி வந்தேன்.

உள்ளே 'சர், சர்' என்று சத்தம். எட்டிப் பார்த்தேன். வர்கீஸ் துரை, மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு, டையைத் தோள் மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு, விளக்குமாற்றை இரண்டு கையாலும் பிடித்துப் பெருக்கிக்கொண்டிருந்தார். பழக்கமில்லாத கை. ஆனால் ஒரு மூலையை விடவில்லை. வைக்கோல், சணல், நாய் மயிர், பூட்ஸ் மண் எல்லாவற்றையும் வாசலுக்குத் தள்ளி, படிக்குத் தள்ளி, மறையூர் ரோட்டைப் பார்த்து ஒரு வீசு வீசினார். வீசிவிட்டு நிமிர்ந்தபோது நான் நின்றேன்.

"ஐ வாஸ் ஜஸ்ட்... டஸ்டிங்" என்றார்.

போடுகிற டஸ்ட்டா, எடுக்கிற டஸ்ட்டா என்று நான் கேட்கவில்லை.  அவர் கைக்குட்டையை அவிழ்த்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "உன் மனைவி எப்போது வருகிறார்?" என்றார். வீடு கிடைத்ததும் சார் என்றேன். "வரச் சொல்" என்றார். நான் இன்னும் நகராமல் நிற்பதைப் பார்த்து, "அந்த அம்மாவும் வேலைக்கு வரட்டும்" என்றார்.

சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. நானே லயத்துக்கு ஓடி முத்துப்பேச்சியைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். தரை பளிச்சென்று இருந்தது.

"யாரு பெருக்குனது?" என்றாள்.

வர்கீஸ் துரை ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரங்களை எண்ணிக்கொண்டிருந்தார். நான்தான் என்றேன்.

முத்துப்பேச்சி என்னை அடிக்காததுதான் பாக்கி. "தொரைய அனுப்பி வச்சிட்டீகளே ஆபீசய்யா. உங்க அம்மா ஒண்ணும் சொல்லித் தரலியா?" என்று மட்டும் கேட்டாள். அன்றைக்குப் பிறகு என்னோடு பேசவில்லை. பெரிய துரை சௌக்கியமாக ஊர் போய்ச் சேர்ந்து, ரோஜாச் செடி வைத்துக்கொண்டிருக்கிறார் என்று கார்டு வந்தது. அதனால் என்ன? அவர் திரும்பி வரவில்லை. ஓய்வு பெற்றவர் எதற்கு வரப்போகிறார் என்றால் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெள்ளைக்காரத் துரையை விளக்குமாற்றால் விரட்டியவன் என்ற பெயர் எனக்கு நிலைத்துவிட்டது. சாங்ஷன் என்ற சொல்லுக்கு டிக்ஷ்னரி போட்டிருந்த இரண்டு அர்த்தமும் எனக்கு ஒரே நாளில் கிடைத்துவிட்டன. வீடும் கிடைத்தது, தண்டனையும் கிடைத்தது.

கோமதி வந்தாள். இரண்டு அறை, ஒரு அடுக்களை, முன்னால் ஒரு வாசல், வாசலுக்கு மேல் ஒரு சில்வர் ஓக் மரம். வந்த வாரத்திலேயே குழாயடியில் பெண்கள் என் புகழை அவள் காதில் போட்டுவிட்டார்கள். கதவைச் சாத்திக்கொண்டு நடந்ததை எல்லாம் சொன்னேன். அவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு யோசித்தாள். "உண்மையச் சொன்னா வீடு போயிரும், சொல்லாட்டி பேரு போயிரும். பேரு போகட்டும், வீடு இருக்கட்டும்" என்றாள். அவளைக் கல்யாணம் பண்ணிக்கொண்டதற்காக நான் பெருமைப்பட்ட நாட்களில் அது ஒன்று.

இந்த வைகாசியில் அவளைத் தலைப்பிரசவத்துக்கு ஊருக்கு அழைத்துக்கொண்டு போனேன். அதிகாலைப் பஸ். நாங்கள் பெட்டியோடு வெளியே வந்தபோது முத்துப்பேச்சி குவார்ட்டர்ஸ் வாசல்களைப் பெருக்கிக்கொண்டே வந்து, எங்கள் வாசலுக்கு நேராக விளக்குமாற்றோடு நின்றாள். எனக்குத் திக்கென்றது. நம்பிக்கை இல்லை என்று நூறு தடவை சொன்னவன்தான். ஆனால் வயிற்றுப் பிள்ளைக்காரியோடு மலை இறங்கும்போது, நான் துரைக்குச் செய்ததாக அவள் நினைக்கிற காரியத்தை அவள் எனக்குத் திருப்பிச் செய்தால் என்ன ஆகும் என்று பயந்துவிட்டேன். இதைப் பயம் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. கோமதி, "வாரோம் ஆச்சி" என்றாள்.  பஸ் திரும்புகிற வரைக்கும் நான் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள். போடிமெட்டு வளைவுகளில் கோமதி வாந்தி எடுத்தபோதெல்லாம் என் காதில் 'சர், சர்' என்று கேட்டது.

பெண் குழந்தை. பிரசவம் கொஞ்சம் சிரமமாகிவிட்டது, இரண்டு பேரும் பிழைத்தது சங்கரன்கோவில் கோமதியம்மன் புண்ணியம் என்று அம்மா சொல்கிறாள். நான் மருத்துவச்சியின் புண்ணியம் என்கிறேன். அந்த அலைச்சலில் தோட்டத்துக்கு ஒரு வரி எழுதிப்போட எனக்குத் தோன்றவே இல்லை. குழந்தைக்கு எங்கள் வீட்டில் பெயர் வைத்துவிட்டு நான் மட்டும் மலை ஏறினேன். கிளம்பும்போது அம்மா வாசல் விளக்குமாற்றை எடுத்துப் பரணில் ஒளித்துவைத்தாள். பக்கத்தில் அத்தை நின்றாள். பிள்ளையைப் பார்க்க வந்தவள், அதற்கு முன் அண்ணன் வீட்டு வாசலை மிதித்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. இரண்டு பேரும் இன்னும் பேசிக்கொள்ளவில்லை, ஆனால் பரணுக்கு ஸ்டூலை எடுத்துப் போட்டது அத்தைதான்.

தோட்டத்தில் இறங்கினால் என் வீட்டு வாசலைக் காணோம். சில்வர் ஓக் சருகு முழங்காலுக்குக் கிடந்தது. அக்கம்பக்கத்து வாசல்கள் எல்லாம் துடைத்தாற்போல் இருக்க, என் வாசல் மட்டும் காடாகக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்: சேதி வராமல் தொட மாட்டேன் என்று முத்துப்பேச்சி ஒற்றைக்காலில் நின்றாளாம். தானே பெருக்கப் போன அவர் மனைவியின் கையிலிருந்து விளக்குமாற்றைப் பிடுங்கி எறிந்தாளாம். குப்பையைப் பார்த்துச் சத்தம் போட வந்த வர்கீஸ் துரை, காரணத்தைக் கேட்டதும் ஜீப்பில் ஏறிப் போய்விட்டாராம்.

சாயங்காலம் அவளே வந்தாள். குழந்தையைப் பற்றிச் சொன்னேன். தாய் எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். நன்றாக இருக்கிறாள் என்றேன்.  உங்களுக்கு ரொம்ப நன்றி என்று ஆரம்பித்தேன்.

"உங்களுக்காக ஒண்ணும் இல்ல. அந்தப் பிள்ளைக்காக" என்று சொல்லிவிட்டுக் குனிந்தாள்.

கதவிலிருந்து படி வரைக்கும் ஒரு பாதி வாசலை மளமளவென்று பெருக்கினாள். மறு பாதிக்கு வந்ததும் விளக்குமாற்றைத் தட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். இதை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டேன்.

"நீங்க வந்துட்டீக, உங்க பாதியப் பெருக்கிட்டேன். அவுக ரெண்டு பேரும் வரட்டும், மீதியப் பெருக்குதேன்."

இதை எழுதுகிற இன்றும் அப்படித்தான் இருக்கிறது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பெருக்கிய பாதி வழியாகவே நடக்கிறேன். காற்றில் ஒரு சருகு இந்தப் பக்கம் வந்து விழுந்தால் எடுத்து அந்தப் பக்கம் போட்டுவிடுகிறேன். அம்மாவுக்கு இன்னும் கடிதம் போடவில்லை. நாளைக்குப் போட வேண்டும், அங்கேயும் ஒரு வாசல் குப்பையோடு கிடக்கும்.